நியூட்ரான் விண்மீனின் நடுவில் என்ன இருக்கிறது?

சூரியனைப் போல ஒன்றரை மடங்கு நிறை, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளத்துக்குள் அடைபட்டிருக்கிறது. அதன் நடுவில் பொருள் எந்த நிலையில் இருக்கும்? தொண்ணூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் இந்தக் கேள்விக்கு விடைகளுக்குப் பஞ்சமில்லை. நியூட்ரான் மட்டுமே என்பார் சிலர்; ஹைப்பரான் என்பார் சிலர்; மெசான்களின் செறிவு, கட்டவிழ்ந்த குவார்க், மூவகைக் குவார்க்கும் கலந்த ‘ஸ்ட்ரேஞ்ச்’ பொருள், இருண்ட பொருளின் கலப்பு என்று பட்டியல் நீளும். இவற்றுள் எதுவும் இன்னும் உறுதியாகவில்லை. முற்றாகத் தள்ளப்பட்டவையும் குறைவே.

பூமியிலுள்ள ஆய்வுக்கூடங்களால் இங்கே அதிகம் உதவ முடியவில்லை. ஜெனீவாவிலும் புரூக்ஹேவனிலும் அணுக்கருக்களை மோதவிட்டு உருவாக்கும் அடர்ந்த பொருள் லட்சக்கணக்கான கோடி டிகிரி வெப்பத்தில் பிறந்து, நொடியின் மிக நுண்ணிய பகுதிக்குள் சிதறிவிடுகிறது. விண்மீனின் நடுப்பகுதியோ அணுக்கருவின் அளவுகோலில் பார்த்தால் குளிர்ந்தது; கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படியே இருப்பது.

‘அங்கே எந்தத் துகள் இருக்கிறது?’ என்ற வடிவில்தான் இந்த விவாதம் பெரும்பாலும் நடந்திருக்கிறது. ஆனால் விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றை நிலைநிறுத்தியதும் கவிழ்த்ததும் வேறொரு கேள்வி என்று தெரிகிறது: நெருங்கிவரும் துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு வலுவாகத் தள்ளுகின்றன?

முதல் விடையும் அதன் குறையும்

1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகருக்கு அப்போது வயது 19. வெண்குறுமீன்களைத் தாங்கி நிற்பது எலக்ட்ரான்களின் அழுத்தம். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற பௌலி விதியிலிருந்து பிறக்கும் அழுத்தம் அது. அந்த அழுத்தத்தின் தாங்குதிறனுக்கு ஓர் எல்லை உண்டு என்று பயணத்தின்போதே அவர் கணக்கிட்டார். இன்றைய மதிப்பில் அது சுமார் 1.4 சூரிய நிறை. அதற்கு மேல் என்ன ஆகும் என்ற கேள்வி திறந்தே நின்றது. 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். 1934-இல் வால்டர் பாடேவும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும், சூப்பர்நோவா வெடிப்பில் சாதாரண விண்மீன் ஒன்று நியூட்ரான் விண்மீனாக மாறலாம் என்று எழுதினர்.

1939-இல் ஓப்பன்ஹைமரும் வோல்கோஃபும் முதல் முழுக் கணக்கைச் செய்தனர். ஈர்ப்புக்கு ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைப் பயன்படுத்தினர். பொருளைப் பொறுத்தவரை, பௌலி விதிக்குக் கட்டுப்பட்டு, மற்றபடி ஒன்றையொன்று கண்டுகொள்ளாத நியூட்ரான்களின் வாயு என்று எடுத்துக்கொண்டனர். அவர்களுக்குக் கிடைத்த உச்ச நிறை 0.7 சூரிய நிறை. 1974-இல் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த இரட்டை நியூட்ரான் விண்மீன் அமைப்பில் இரண்டுமே 1.4 சூரிய நிறையை ஒட்டியவை என்று பின்னர் அளக்கப்பட்டது. கணக்குக்கும் இயற்கைக்கும் இடையே இரண்டு மடங்கு வித்தியாசம்.

விடுபட்டது அணுக்கரு விசை. நியூட்ரான்கள் ஓரிரு ஃபெம்டோமீட்டர் தொலைவில் ஒன்றையொன்று இழுக்கும். அதைவிட வெகு நெருக்கமாக வந்தால் கடுமையாகத் தள்ளும். விண்மீனின் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது இந்தத் தள்ளல்தான். பொருளின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு அதன் உறவாடலை விட்டுவிட்டால் விடை எவ்வளவு தவறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தத் தள்ளலை இன்று எவ்வளவு தூரம் அறிவோம்? சாதாரண அணுக்கருவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 27 கோடி டன். அதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு வரை பிழை வரம்போடு கணக்கிட முடிகிறது. கனமான நியூட்ரான் விண்மீன்களின் நடுவிலோ நான்கு முதல் ஆறு மடங்கு, சில மாதிரிகளில் அதற்கும் மேல் இருக்கக்கூடும்.

தெரிந்ததாக நினைக்கும் பகுதியிலும் ஓர் உறுத்தல் உண்டு. ஈயம்-208 அணுக்கருவில் 82 புரோட்டான்கள், 126 நியூட்ரான்கள். மிகுதியான நியூட்ரான்கள் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு மெல்லிய தோல்போல நிற்கும். அந்தத் தோலின் தடிமனையும், 12 கிலோமீட்டர் ஆரமுள்ள விண்மீனின் அளவையும் தீர்மானிப்பது நியூட்ரான் மிகுந்த பொருளின் அதே அழுத்தம்தான். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வுக்கூடம் 2021-இல் அந்தத் தடிமன் சுமார் 0.28 ஃபெம்டோமீட்டர் என்று அறிவித்தது. பலர் எதிர்பார்த்ததைவிடத் தடிமன், பொருளும் எதிர்பார்த்ததைவிட விறைப்பு என்று பொருள்படும். மறு ஆண்டே அதே கூடத்தில் கால்சியம்-48-ஐ அளந்தபோது தோல் மெல்லியதாக வந்தது. இரண்டையும் ஒரே கோட்பாட்டுக்குள் இயல்பாக அடக்குவது எளிதாக இல்லை. ஈயத்தின் அளவையில் பிழை வரம்பு பெரிது என்பதால் முரண் தற்செயலாகவும் இருக்கலாம்.

ஹைப்பரான்: வந்தே தீரவேண்டிய விருந்தாளி

நடுப்பகுதியில் நியூட்ரான் மட்டும்தான் இருக்கும் என்ற விடைக்கு முதல் சவால் 1960-ஐ ஒட்டி வந்தது. சோவியத் ஆர்மீனியாவில் அம்பார்ட்சுமியானும் சகாக்யானும், ஏறத்தாழ அதே காலத்தில் கேமரூனும், நியூட்ரானின் கனமான உறவினர்களான ஹைப்பரான்கள் தோன்றியாக வேண்டும் என்று வாதிட்டனர். வாதம் எளியது. நெருக்கம் கூடக்கூட, புதிதாக வரும் ஒவ்வொரு நியூட்ரானும் மேலும் உயர்ந்த ஆற்றல் நிலையில்தான் இடம்பிடிக்க முடியும். லாம்டா ஹைப்பரான் நியூட்ரானைவிடச் சுமார் 176 மெகா எலக்ட்ரான் வோல்ட் கனமானது. நியூட்ரான் உட்காரவேண்டிய நிலையின் ஆற்றல் இந்த வேறுபாட்டைத் தாண்டிவிட்டால், நியூட்ரான் லாம்டாவாக மாறுவதே இயற்கைக்கு மலிவு. பூமியில் நொடியின் நுண்பகுதிக்குள் சிதையும் லாம்டா, அங்கே சிதைய இடமில்லாமல் நிலைத்துவிடும். அணுக்கருவைப் போல இரண்டு, மூன்று மடங்கு அடர்த்தியிலேயே இது நிகழும் என்பது வழக்கமான மதிப்பீடு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புதிய வகைத் துகளுக்கு அடிநிலைகள் எல்லாம் காலியாக இருக்கின்றன. அதனால் ஹைப்பரான் வந்ததும் அழுத்தம் தளர்கிறது. தளர்ந்த பொருள் அதிக எடையைத் தாங்காது. ஹைப்பரான்களைச் சேர்த்த பல மாதிரிகளில் உச்ச நிறை 1.4, 1.6 என்ற அளவில் நின்றுவிட்டது. 2010 வரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை. நன்கு அளக்கப்பட்ட பல்சர்கள் (ரேடியோ துடிப்புகளை அனுப்பிச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள்) அந்த எல்லைக்குள்ளேயே இருந்தன.

அந்த ஆண்டு டெமரெஸ்டும் குழுவினரும் பி.எஸ்.ஆர். ஜே1614-2230 என்ற பல்சரின் நிறையை வெளியிட்டனர். பல்சர் ஒரு வெண்குறுமீனோடு ஜோடியாகச் சுற்றுகிறது; சுற்றுப்பாதையை நாம் கிட்டத்தட்ட விளிம்பிலிருந்து பார்க்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் பல்சர் துணைவிண்மீனின் பின்னால் போகும்போது, அதன் ரேடியோ துடிப்பு துணைவிண்மீனின் அருகே வளைந்த வெளியைக் கடந்து வரவேண்டியிருக்கிறது. அதனால் துடிப்பு சில பத்து மைக்ரோநொடி தாமதமாக வந்துசேர்கிறது. அந்தத் தாமதத்தின் அளவு துணைவிண்மீனின் நிறையைச் சொல்லிவிடும். சுற்றுப்பாதையின் கணக்கு மீதியைச் சொல்லிவிடும். கிடைத்த விடை 1.97 சூரிய நிறை. பிந்தைய அளவைகள் அதை 1.9-ஐ ஒட்டிக் குறைத்தன. ஆனால் 2013-இல் 2.01 நிறையுள்ள இன்னொன்றும், பிறகு 2.08-ஐ ஒட்டிய ஜே0740+6620-உம் வந்து சேர்ந்தன. அதுவரை உருவாக்கப்பட்ட மாதிரிகளுள் ஒரு பெரும் தொகுதி ஒரேயடியாகக் காலாவதியானது.

ஹைப்பரான் வந்தே தீரவேண்டும், வந்தால் விண்மீன் நிற்காது. இதைத்தான் துறையினர் ஹைப்பரான் புதிர் என்கிறார்கள். வெளியேற இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஒரு லாம்டாவும் இரண்டு நியூட்ரான்களும் ஒருசேர நெருங்கும்போது கூடுதலான தள்ளல் எழுகிறது. அது லாம்டாவின் வரவைத் தள்ளிப்போடுகிறது அல்லது தடுத்துவிடுகிறது. மற்றது, ஹைப்பரான்கள் பெருகும் முன்பே பொருள் குவார்க் நிலைக்குப் போய்விடுகிறது. முதல் வழி இயல்பானது என்றாலும், வேண்டிய அளவுக்குத் தள்ளலைக் கையால் சேர்க்கும் அபாயம் அதில் உண்டு.

சான்றுகள் மெதுவாகத்தான் சேர்கின்றன. 1950-களின் தொடக்கத்தில் போலந்தின் டானிஷும் ப்னியெவ்ஸ்கியும் லாம்டாவைத் தாங்கிய அணுக்கருவை முதன்முதலில் ஒளிப்படப் பசையில் கண்டனர். ஓர் அணுக்கருவுக்குள் லாம்டா ஈர்க்கப்படுகிறது என்பது அன்றிலிருந்து தெரிந்ததே. இரண்டு லாம்டாக்களுக்கு இடையே ஈர்ப்பு மிகச் சிறிது என்பதை ஜப்பானில் 2001-இல் பதிவான ‘நாகரா’ நிகழ்வு காட்டியது. மோதல்களில் வெளிவரும் துகள் ஜோடிகளின் வேக ஒற்றுமையைக் கொண்டு அவற்றின் விசையை அளக்கும் முறையை ஆலிஸ் குழு ஜெனீவாவில் வளர்த்துவருகிறது. மூன்று துகள்கள் ஒருசேரத் தள்ளுவதைப் பற்றிய நேரடி அளவை மட்டும் இன்னும் கைக்கு எட்டவில்லை. புதிரின் சாவியோ அதுதான்.

பயான், கேயான் ஆகிய மெசான்களின் செறிவு பற்றிய கருத்துகள் 1970-களிலும் 80-களிலும் சூடாக விவாதிக்கப்பட்டவை. அவற்றுக்கும் இதே குறை: பொருளைத் தளர்த்துகின்றன. இன்று அவற்றின் செல்வாக்கு குறைந்திருக்கிறது; இல்லை என்று நிறுவப்பட்டுவிடவில்லை.

குவார்க்குகள் கட்டவிழ்ந்தால்

புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை என்ற கருத்து 1964-இல் வந்ததுமே, விண்மீனின் நடுவில் அவை விடுபடலாம் என்ற ஊகமும் எழுந்தது. அதற்கு உறுதியான அடித்தளம் 1973-இல் கிடைத்தது: குவார்க்குகள் நெருங்க நெருங்க அவற்றுக்கு இடையேயான விசை தளர்கிறது என்று குரோஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் காட்டினர். போதிய அளவு அழுத்தினால் நியூட்ரான்களின் எல்லைகள் கரைந்துபோகும் என்று 1975-இல் காலின்ஸும் பெர்ரியும் எழுதினர். மிக உயர்ந்த அடர்த்தியில் இது சரி என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. எந்த அடர்த்தியில் என்பதே கேள்வி.

நம்பத்தக்க குவார்க் கணக்கு தொடங்குவது அணுக்கரு அடர்த்தியின் சுமார் நாற்பது மடங்கில். விண்மீனின் நடுப்பகுதி அதற்கு வெகு கீழே இருக்கிறது. கணினியில் நேரடியாகக் கணக்கிடலாம் என்றால், வெப்பமான பொருளுக்குச் சிறப்பாக உதவிய லாட்டிஸ் முறை குளிர்ந்த அடர்பொருளில் செயலிழக்கிறது. கூட்டவேண்டிய எண்கள் நேரும் எதிருமாக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆகவே இரண்டு மடங்குக்கும் நாற்பது மடங்குக்கும் நடுவே பாலம் கட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படிக் கட்டப்பட்ட பாலங்களுள் அதிகம் பேசப்பட்டது ஹெல்சிங்கியின் வூரினெனும் உடனாய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு. லட்சக்கணக்கான சாத்தியமான அழுத்த வளைவுகளை வரைந்து, விண்மீன் அளவைகளோடு பொருந்தாதவற்றை நீக்கினர். மிகக் கனமான விண்மீன்களின் நடுவில் பொருளின் நடத்தை குவார்க் பொருளின் நடத்தையை நெருங்குவதாகக் கண்டனர். கவனத்துக்குரிய முடிவு இது. ஆயினும் நடத்தை ஒத்திருப்பது அடையாளத்துக்குச் சான்றாகாது. நியூட்ரான் பொருளும் ஓரளவு அப்படி நடந்துகொள்ளக்கூடும். 2005-இலேயே ஆல்ஃபர்டும் மற்றவர்களும், குவார்க் நடுவுள்ள விண்மீன் நிறையிலும் ஆரத்திலும் சாதாரண நியூட்ரான் விண்மீனைப் போலவே வேடமிட முடியும் என்று எச்சரித்திருந்தனர். அந்த எச்சரிக்கைக்கு இன்றுவரை முழு விடை இல்லை.

கனமான பல்சர்கள் குவார்க் கருத்தையும் தொட்டன. ஒன்றையொன்று பாதிக்காத குவார்க்குகளின் வாயு இரண்டு சூரிய நிறையைத் தாங்குவது கடினம். 1939-இன் பாடம் மீண்டும் தேவைப்பட்டது: குவார்க்குகளுக்கு இடையிலும் தள்ளலைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. குளிர்ந்த குவார்க்குகள் ஜோடி சேர்ந்து மீக்கடத்தி போன்ற நிலையை அடையும் என்று 1998-இல் இரண்டு குழுக்கள் காட்டியது இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்கியது. நியூட்ரான் நிலையிலிருந்து குவார்க் நிலைக்கு நீர் கொதிப்பதுபோல் திடீர்த் தாவல் இல்லாமல், படிப்படியான மாற்றமே நடக்கிறது என்ற கருத்தும் வலுப்பெற்றுவருகிறது. அது உண்மையானால் ‘நியூட்ரானா, குவார்க்கா?’ என்ற கேள்விக்கே ஒற்றை விடை இராது.

ஸ்ட்ரேஞ்ச் பொருளும் அதன் தொற்றும்

விடைகளில் மிகத் துணிச்சலானது இதுதான். 1971-இல் போட்மரும், அவரை அறியாமல் 1984-இல் எட்வர்ட் விட்டனும் முன்வைத்தது: அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் ஆகிய மூவகைக் குவார்க்குகளும் ஏறத்தாழ சமமாகக் கலந்த பொருளே பிரபஞ்சத்தின் உண்மையான அடிநிலையாக இருக்கலாம். இரும்பு அணுக்கருவில் ஒரு நியூக்ளியானுக்கு ஆற்றல் சுமார் 930 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஸ்ட்ரேஞ்ச் பொருளின் மதிப்பு அதற்குக் கீழே இருந்தால், நாமும் நம் கையில் உள்ள இரும்பும் நீண்டகாலம் நீடிக்கும் தற்காலிக நிலைகள் ஆகிவிடுவோம்.

அப்படியானால் ஏன் இரும்பு இன்னும் இரும்பாகவே இருக்கிறது? ஓர் அணுக்கரு மாறவேண்டுமானால் அதிலுள்ள பல பத்துக் குவார்க்குகள் வலுக்குறை விசையால் ஒருசேர ஸ்ட்ரேஞ்ச் குவார்க்காக மாற வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் மாறினால் ஆற்றல் கூடுமே தவிரக் குறையாது. அத்தனையும் ஒன்றாக மாறும் வாய்ப்பு பிரபஞ்சத்தின் வயதுக்குள் எழாத அளவுக்குச் சிறியது.

சாதாரணப் பொருளோடு அது எப்படி உறவாடும் என்பதில்தான் இந்தக் கருதுகோளின் சுவை இருக்கிறது. 1986-இல் அல்காக், ஃபார்ஹி, ஒலிண்டோ மூவரும் ஸ்ட்ரேஞ்ச் விண்மீனின் மேற்பரப்பை விவரித்தனர். குவார்க்குகள் சில ஃபெம்டோமீட்டருக்குள் சட்டென்று முடிந்துவிட, எலக்ட்ரான்கள் சற்று வெளியே பரவி நிற்கின்றன. அதனால் பிறக்கும் கடுமையான மின்புலம் சாதாரண அணுக்கருக்களை மேலேயே தாங்கிப் பிடிக்கிறது. குவார்க் பொருளைத் தொடாமல் ஒரு மெல்லிய ஓடு மிதந்து நிற்க முடிகிறது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. தனி நியூட்ரான் அந்தத் தடையைத் தாண்டி விழுந்து, உள்ளே கரைந்து, ஸ்ட்ரேஞ்ச் பொருளாகவே ஆகிவிடும். நியூட்ரான் விண்மீன் ஒன்றில் ஸ்ட்ரேஞ்ச் பொருளின் ஒரு துணுக்கு விழுந்தால் முழு விண்மீனும் மாறிவிடக்கூடும் என்பது இதன் நீட்சி.

1999-இல் புரூக்ஹேவனின் மோதல் இயந்திரம் தொடங்கவிருந்தபோது இதே தொற்று பூமியில் பரவுமோ என்ற அச்சம் பொதுவெளியில் எழுந்தது. ஆய்வுக்கூடம் அமர்த்திய குழு இரண்டு காரணங்களைச் சொன்னது. துணுக்குகள் நேர்மின்னூட்டம் உடையவையாகவே எதிர்பார்க்கப்படுகின்றன, அணுக்கருக்களை விலக்கும். அதைவிட வலுவானது: காஸ்மிக் கதிர்கள் நிலவின் மண்ணில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இத்தகைய மோதல்களை நடத்திவருகின்றன, நிலவு நிலவாகவே இருக்கிறது. இயந்திரம் 2000-இல் இயங்கத் தொடங்கியது. நிலவு மண்ணிலும் தேடிப் பார்த்தார்கள். துணுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

வானியல் பக்கத்திலிருந்து ஒரு கடினமான எதிர்வாதம் உண்டு. கருதுகோள் சரியானால், ஸ்ட்ரேஞ்ச் விண்மீன்கள் மோதிச் சிதறும் துணுக்குகள் விண்மீன் மண்டலமெங்கும் பரவி, எல்லா நியூட்ரான் விண்மீன்களையும் மாற்றியிருக்க வேண்டும். ஆனால் வேலா போன்ற பல்சர்களின் சுழற்சி அவ்வப்போது திடீரென வேகம் கூடுகிறது. தடித்த ஓட்டுக்குள் உராய்வின்றி ஓடும் நியூட்ரான் மீப்பாய்மம்தான் இதற்கு ஏற்கப்பட்ட விளக்கம். மெல்லிய மிதக்கும் ஓட்டால் அதைத் தருவது கடினம். உதகமண்டலத்துச் சரிவில் கோவிந்த் ஸ்வரூப் எழுப்பிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும் இந்தத் துள்ளல்களைத் தொடர்ந்து கண்காணித்துவருகிறது. எதிர்வாதம் வலுவானதே. துணுக்குகள் எவ்வளவு சிதறும் என்ற கணக்கு அதன் பலவீனமான கண்ணி.

இருண்ட பொருள் கலந்திருந்தால்

இந்தக் கிளை இளையது. ஓர் எடுத்துக்காட்டு போதும். தனி நியூட்ரானின் ஆயுள் இரண்டு முறைகளில் இரண்டு மதிப்புகளைத் தருகிறது: குடுவையில் அடைத்தால் 880 நொடிக்குச் சற்றுக் குறைவு, கற்றையாக அளந்தால் சுமார் 888. நூற்றில் ஒரு நியூட்ரான் கண்ணுக்குத் தெரியாத இருண்ட துகளாகச் சிதைகிறது என்றால் வேறுபாடு விளங்கிவிடும் என்று ஃபோர்னலும் கிரின்ஸ்டைனும் 2018-இல் கூறினர். அதே ஆண்டில் மூன்று குழுக்கள் இதை நியூட்ரான் விண்மீனில் பொருத்திப் பார்த்தன. நியூட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளாத துகள்களாக மாறினால் விண்மீன் ஒரு சூரிய நிறையைக்கூடத் தாங்காது. இருண்ட துகள்களுக்குள் வலுவான தள்ளல் இருந்தால் மட்டுமே கருத்து பிழைக்கும். பூமியில் ஒரு குடுவையில் எழுந்த ஐயத்துக்கு வானத்தின் கனமான பல்சர்கள் நிபந்தனை விதித்தன.

அளவைகள் எவ்வளவு தூரம் சொல்கின்றன

அவசர முடிவுகளுக்கு இத்துறையில் முன்னுதாரணம் உண்டு. 2002-இல் ஆர்.எக்ஸ். ஜே1856.5-3754 என்ற விண்மீனின் ஆரம் மிகச் சிறியது, ஆகவே அது குவார்க் விண்மீனாக இருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. எக்ஸ் கதிர்கள் மேற்பரப்பின் சூடான ஒரு பகுதியிலிருந்து மட்டும் வந்திருக்கக்கூடும் என்பது தெளிவானதும் வாதம் தளர்ந்தது.

இன்றைய அளவைகள் அதைவிடக் கவனமானவை. 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான ஈர்ப்பலை இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் இணைப்பிலிருந்து வந்தது. இணையும் முன் அவை ஒன்றின் ஈர்ப்பில் மற்றது அதிகம் உருக்குலையவில்லை. ஆரம் 12 கிலோமீட்டரை ஒட்டியது என்று அதிலிருந்து கணிக்கப்பட்டது. அதே ஆண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட நைசர் கருவி, சுழலும் பல்சரின் சூடான புள்ளிகள் தோன்றி மறையும் விதத்தை அளக்கிறது. ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் பின்பக்கத்துப் புள்ளியும் ஓரளவு தெரியும். எவ்வளவு தெரிகிறது என்பதில் நிறைக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் பதிந்திருக்கிறது. நிறை குறைந்த ஜே0030+0451-க்கு ஆரம் 13 கிலோமீட்டரை ஒட்டியும், இரண்டு சூரிய நிறையைத் தாண்டிய ஜே0740+6620-க்கு 12.4 அல்லது 13.7 என்றும் வந்தது. நிறை இவ்வளவு கூடியும் ஆரம் சுருங்கவில்லை என்பது, நடுப்பகுதி திடீரெனத் தளர்கிறது என்ற மாதிரிகளுக்குப் பின்னடைவு. ஆனால் ஒரே தரவுக்கு இரண்டு குழுக்கள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேறுபட்டதையும், புள்ளிகளின் வடிவம் பற்றிய அனுமானத்தைப் பொறுத்து விடை நகர்வதையும் மறக்கக்கூடாது.

தீராதவை

இன்றைய நிலையில் மூன்று செய்திகளை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம் என்று தோன்றுகிறது. நடுப்பகுதிப் பொருள் விறைப்பானது. ஒன்றையொன்று தள்ளாத துகள்களைக் கொண்ட எந்த விடையும் பிழைக்காது. இரண்டு சூரிய நிறை அருகே பெரிய தளர்வு இருப்பதற்கான அறிகுறி இல்லை. அங்கே ஹைப்பரான் இருக்கிறதா, குவார்க் இருக்கிறதா என்பதை இவற்றிலிருந்து பிரித்தறிய முடியாது. நிறையும் ஆரமும் அழுத்தத்தை மட்டுமே காட்டுகின்றன. எந்தத் துகள் அந்த அழுத்தத்தைத் தருகிறது என்பதை அவை சொல்வதில்லை. இன்னும் துல்லியமான ஆரம் கிடைத்தாலே புதிர் அவிழும் என்ற எதிர்பார்ப்பு, என் பார்வையில், மிகையானது.

துகளை அடையாளம் காட்டக்கூடியவை வேறு வகை அளவைகள். ஹைப்பரானோ குவார்க்கோ இருந்தால் நியூட்ரினோ உமிழ்வு மாறி விண்மீன் வேறு வேகத்தில் குளிரும். ஆனால் மீப்பாய்ம நிலை அந்த வேறுபாட்டை மறைத்துவிட வல்லது. ஹைப்பரான் புதிரில் மூன்று துகள் தள்ளலை அளக்கும் பணி ஜப்பானிலும் ஜெனீவாவிலும்தான் முன்னேற வேண்டும். மிகுந்த நம்பிக்கை வைக்கத்தக்கது விண்மீன்கள் இணைந்தபின் சில மில்லிநொடி அதிர்ந்து எழுப்பும் ஈர்ப்பலை. அப்போது அடர்த்தியும் வெப்பமும் ஒருசேர உயர்வதால், குவார்க் நிலைக்குத் தாவல் நடந்தால் அதிர்வெண் எதிர்பார்த்ததைவிட உயர்ந்து நிற்கும் எனக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன. 2017 நிகழ்வில் அந்த அதிர்வு கருவிகளுக்கு எட்டவில்லை. இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இன்றைய கருவிகளின் உணர்திறன் போதாது. ஐரோப்பாவில் திட்டமிடப்படும் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி போன்ற அடுத்த தலைமுறைக் கருவிகள் அந்த அதிர்வெண்ணைக் கேட்கும் வகையில் வடிவமைக்கப்படுகின்றன. அதுவரை, மாற்றம் படிப்படியாக நடக்கிறது என்ற கருத்தையும் திடீரென நடக்கிறது என்ற கருத்தையும் ஒருசேர வைத்துக்கொள்ளவே தரவுகள் இடம் தருகின்றன.